டிஸ்னி நிறுவனத்தின் இடைக்காலக் கார்ட்டூன் படங்கள் (1970–1988): ஒரு மறுமதிப்பீடு

வால்ட் டிஸ்னி 1966-ஆம் ஆண்டு டிசம்பர் 15 அன்று காலமானார். அவர் மேற்பார்வையில் உருவான 'தி ஜங்கிள் புக்' அடுத்த ஆண்டு வெளிவந்து பெரிய வெற்றி பெற்றது. பிறகு 1989 நவம்பரில் 'தி லிட்டில் மெர்மெய்ட்' வெளியானபோதுதான் டிஸ்னி மீண்டும் எழுந்தது என்று திரை வரலாற்று நூல்கள் எழுதுகின்றன. இந்த இரண்டு படங்களுக்கும் நடுவில், 1970 முதல் 1988 வரை, முழுக்க ஓவியத்தால் ஆன எட்டுப் படங்களை அந்த நிறுவனம் வெளியிட்டது. இந்தக் காலத்தைச் சிலர் 'வெண்கலக் காலம்' என்றும், சிலர் 'இருண்ட காலம்' என்றும் அழைக்கிறார்கள்.

அந்த எட்டுப் படங்கள்: 'தி அரிஸ்டோகேட்ஸ்' (1970), 'ராபின் ஹூட்' (1973), 'தி மெனி அட்வென்சர்ஸ் ஆஃப் வின்னி தி பூ' (1977), 'தி ரெஸ்க்யூவர்ஸ்' (1977), 'தி ஃபாக்ஸ் அண்ட் தி ஹவுண்ட்' (1981), 'தி பிளாக் கால்ட்ரன்' (1985), 'தி கிரேட் மவுஸ் டிடெக்டிவ்' (1986), 'ஆலிவர் அண்ட் கம்பெனி' (1988).

நம் பிள்ளைகளில் பலருக்கு மோக்லியும் பாலுவும் தெரியும், சிம்பாவும் தெரியும். இந்த எட்டுப் படங்களின் பாத்திரங்களில் வின்னி கரடியைத் தவிர மற்றவை அவ்வளவாக அறிமுகமில்லை. பெற்றோரும் ஆசிரியரும் 'சிறந்த பத்து' பட்டியல்களைப் பார்த்துப் படம் தேர்ந்தெடுப்பதால், பட்டியலில் இடம்பெறாதவை பிள்ளைகள் கண்ணில் படுவதில்லை. இதில் ஓர் உண்மையான இழப்பு இருக்கிறது. வறுமை, தனிமை, நட்பு முறிதல் ஆகியவற்றைப் பிள்ளைகளிடம் மறைக்காமல் பேசிய டிஸ்னி படங்களில் மூன்று இந்தக் காலத்தைச் சேர்ந்தவை. அவற்றின் குறைகளை ஒப்புக்கொண்டே அவற்றின் மதிப்பை எடுத்துச் சொல்வது இக்கட்டுரையின் நோக்கம்.

காலப் பின்னணி

டிஸ்னியின் பழைய படங்களை வரைந்தவர்களில் ஒன்பது பேரை வால்ட் டிஸ்னி வேடிக்கையாக 'ஒன்பது முதியவர்கள்' என்று அழைத்தார். அமெரிக்க உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளுக்கு ஒரு காலத்தில் வழங்கிய கேலிப் பெயர் அது. அவர் அப்படி அழைத்தபோது அவர்கள் முதியவர்கள் அல்லர். 1970-களில் உண்மையாகவே முதியவர்கள் ஆகிவிட்டார்கள். அவர்களில் ஒருவரான வுல்ஃப்காங் ரைதர்மன் இயக்குநர் பொறுப்பில் இருந்தார். ஜான் லவுன்ஸ்பரி 1976-இல் காலமானார். மில்ட் கால், ஃபிராங்க் தாமஸ், ஆலி ஜான்ஸ்டன் மூவரும் அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் பணியிலிருந்து விலகினார்கள். எரிக் லார்சன் புதியவர்களுக்குப் பயிற்சி தரும் பொறுப்பை ஏற்றார்.

பயிற்சிக்கு வந்தவர்கள் யார் என்று பார்த்தால் வியப்பாக இருக்கும். பின்னாளில் 'தி லிட்டில் மெர்மெய்ட்', 'அலாதீன்' படங்களை இயக்கிய ரான் கிளெமென்ட்ஸ், ஜான் மஸ்கர், 'பியூட்டி அண்ட் தி பீஸ்ட்' படத்தின் மிருகத்தை வரைந்த க்ளென் கீன், பிக்ஸார் நிறுவனத்தில் 'டாய் ஸ்டோரி' எடுத்த ஜான் லாசெட்டர், டிம் பர்ட்டன், பிராட் பேர்ட். இவர்கள் எல்லோரும் 'இருண்ட காலம்' எனப்படும் ஆண்டுகளில் டிஸ்னியில் வேலை பார்த்தவர்கள்.

பயிற்சி பெற்றவர்கள் எல்லோரும் நிலைக்கவும் இல்லை. டான் புளூத் என்ற முன்னணிக் கலைஞர் பழைய தரம் போய்விட்டது என்ற வருத்தத்தில் 1979 செப்டம்பரில் வெளியேறினார். அவருடன் பத்துக்கு மேற்பட்டோர் சென்றார்கள். அப்போது தயாரிப்பில் இருந்த படத்தின் வெளியீடே இதனால் தள்ளிப்போனது.

1984-இல் மைக்கேல் ஐஸ்னரும் ஜெஃப்ரி காட்சன்பெர்க்கும் நிர்வாகத்துக்கு வந்தார்கள். கார்ட்டூன் பிரிவு தலைமை வளாகத்திலிருந்து வெளியே, கிளெண்டேல் நகரில் இருந்த கிடங்குக் கட்டடங்களுக்கு மாற்றப்பட்டது. இத்தனை குழப்பத்துக்கு நடுவில் உருவான படங்கள் இவை என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

வழக்கமாகச் சொல்லப்படும் குறைகள்

முதல் குறை, கோடு. பழைய முறையில் ஓவியர் பென்சிலில் வரைந்ததை வேறொருவர் கண்ணாடி போன்ற செல்லுலாய்டு தாளில் மையால் கையாலேயே மறுபடி எழுதுவார். கன்னத்துக்கு ஒரு நிறக் கோடு, சட்டைக்கு ஒரு நிறக் கோடு என்று வேறுபாடு இருக்கும். அதற்கு நேரமும் கூலியும் அதிகம். ஜெராக்ஸ் முறையைக் கார்ட்டூனுக்குப் பழக்கி, பென்சில் கோட்டை நேராகத் தாளில் பதிக்கும் வழியை அப் ஐவர்க்ஸ் உருவாக்கினார். 1961-இல் '101 டால்மேஷன்ஸ்' முழுவதும் இந்த முறையில் வந்தது. செலவு குறைந்தது, ஆனால் கோடு கறுப்பாகவும் சொரசொரப்பாகவும் ஆகிவிட்டது.

பள்ளியில் 'ரஃப் நோட்டு', 'ஃபேர் நோட்டு' என்று இரண்டு இருக்கும். பழைய டிஸ்னி படங்கள் ஃபேர் நோட்டு. இந்தக் காலத்துப் படங்கள் ரஃப் நோட்டு. ஃபேர் நோட்டில் எழுத்து அழகாக இருக்கும். பிள்ளை எப்படி யோசித்தது என்பது ரஃப் நோட்டில்தான் தெரியும். 'ராபின் ஹூட்' படத்தில் இளவரசர் ஜான் கோபப்படும் காட்சியை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். ஓவியர் தேடிப் பிடித்த கோடு அப்படியே திரையில் தெரியும். அடுத்தவர் கை படாத ஓவியத்தைப் பார்க்கும் வாய்ப்பு இந்தப் படங்களில் கிடைக்கிறது.

இரண்டாவது குறை, பழைய காட்சிகளின் அசைவுகளை மீண்டும் பயன்படுத்தியது. 'ராபின் ஹூட்' படத்தில் காட்டு நடனக் காட்சியில் மேரியன் ஆடுவது 1937-ஆம் ஆண்டுப் படமான 'ஸ்னோ வைட்'டின் ஆட்டம். குண்டுக் கரடி லிட்டில் ஜான் ஆடுவது 'ஜங்கிள் புக்' பாலுவின் ஆட்டம். எங்கள் பக்கத்துத் தெருக்கூத்தில் ஒரே அடவு பல வேடங்களுக்கு வரும், அது மரபு, யாரும் குறை சொல்வதில்லை. ஆனால் இங்கே நடந்தது மரபு அல்ல, சிக்கனம். அந்த நடனம் ராபினுக்கும் மேரியனுக்கும் மட்டுமே உரிய அசைவாக இல்லாமல் போனது. இந்தக் குறையை மறைக்க வேண்டியதில்லை.

மூன்றாவது குறை, கதைக் கட்டு தளர்வு. 'தி அரிஸ்டோகேட்ஸ்' இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1910-ஆம் ஆண்டுப் பாரிஸில் ஒரு பணக்கார அம்மையார் தம் சொத்தைப் பூனைகளுக்கு எழுதி வைக்கிறார். வேலைக்காரர் எட்கர் பூனைகளைக் கடத்திக் கொண்டுபோய் விடுகிறார். தெருப்பூனை ஒன்று அவற்றை வீடு சேர்க்கிறது. வழியில் வரும் வாத்துகளும் நாய்களும் சிரிப்பூட்டினாலும் கதையை நகர்த்துவதில்லை. 'லேடி அண்ட் தி டிராம்ப்' (1955), '101 டால்மேஷன்ஸ்' இரண்டையும் கலந்து நீர் ஊற்றிய மாதிரி இருக்கிறது. ஜாஸ் பாட்டுக்காரப் பூனைகளின் கூட்டத்தில் ஒரு சயாமியப் பூனையைச் சீனரைக் கேலி செய்யும் விதத்தில் வரைந்திருப்பது இன்று பார்க்கும்போது முகம் சுளிக்க வைக்கிறது. பாரிஸ் கூரைகளின் பின்னணி ஓவியங்களும் ஜாஸ் இசையும் நல்லவை. ஆனாலும் இந்தப் படத்தை மறுமதிப்பீடு செய்து உயர்த்த எனக்குக் காரணம் தென்படவில்லை.

மற்ற படங்களின் நிலை அப்படி இல்லை.

ராபின் ஹூட் (1973)

இந்தப் படத்தில் மனிதர்களே கிடையாது. ராபினும் மேரியனும் நரிகள். லிட்டில் ஜான் கரடி. துறவி டக் ஒரு பேட்ஜர் என்னும் வளைவாழ் விலங்கு. ஊர் அதிகாரி ஷெரிஃப் ஓநாய். அண்ணன் ரிச்சர்ட் மன்னர் போருக்குப் போயிருக்கும் நேரத்தில் ஆட்சியைப் பிடித்த இளவரசர் ஜான் ஒரு சிங்கம், ஆனால் பிடரி மயிர் இல்லாத சிங்கம். கிரீடம் தலையில் நிற்காமல் காது வரை இறங்கும். அம்மாவின் பெயரைச் சொன்னால் கட்டை விரலைச் சூப்புவார். கொடுமைக்காரரைக் கோமாளியாகக் காட்டுவதில் ஓர் அபாயம் உண்டு. அவருடைய கொடுமை லேசாகத் தெரிந்துவிடும். படம் அந்த அபாயத்தைத் தவிர்க்கும் விதம் கவனிக்கத் தக்கது. இளவரசரைச் சிரிப்புக்கு உரியவராக்கிவிட்டு, அவர் விதித்த வரியின் விளைவைச் சிரிப்பில்லாமல் காட்டுகிறது.

மூன்று காட்சிகளைப் பாருங்கள். காலில் கட்டுப் போட்ட கொல்லர் ஒருவர் கட்டுக்குள் சில காசுகளை ஒளித்து வைத்திருக்கிறார். ஷெரிஃப் அந்தக் காலைத் தூக்கித் தட்டி வலியில் துடிக்கவிட்டுக் காசை உதிர்த்து எடுக்கிறார். அடுத்து, ஸ்கிப்பி என்னும் முயல் குட்டிக்குப் பிறந்தநாள். வீட்டார் ஒன்றுசேர்த்துக் கொடுத்த பரிசு ஒரே ஒரு சிறு நாணயம். அதையும் ஷெரிஃப் வாழ்த்துச் சொல்லிவிட்டே எடுத்துக்கொள்கிறார். மூன்றாவதாக, தேவாலயத்து எலி தம்பதி தங்கள் கடைசிக் காசை ஏழைகள் உண்டியலுக்குக் கொடுக்கிறார்கள். ஷெரிஃப் உண்டியலிலும் கை வைக்கிறார். அதுவரை அமைதியாக இருந்த துறவி டக் அப்போதுதான் தடி எடுக்கிறார், கைதாகிறார்.

இதன் பிறகு மழை பெய்யும் சிறைக் காட்சி வருகிறது. ஊரே வரி கட்ட முடியாமல் சங்கிலியில் கிடக்கிறது. கதை சொல்லும் சேவல் மெதுவாக ஒரு சோகப் பாட்டுப் பாடுகிறது. அசைவு மிகக் குறைவு. முகங்கள், மழைத்துளி, சங்கிலி மட்டுமே. பணமில்லாத தயாரிப்பு என்று இதைச் சொல்லிவிடலாம். ஆனால் ஏழ்மையைக் காட்ட இதற்கு மேல் அசைவு தேவையில்லை என்பதும் உண்மை.

நம் கதை மரபில் நரிக்கு நல்ல பெயர் கிடையாது. பஞ்சதந்திரத்தில் சிங்க அரசனையும் எருதையும் கோள் சொல்லிப் பிரிக்கும் தமனகன் ஒரு நரி. அரண்மனைக்கு உள்ளே நின்று சூழ்ச்சி செய்யும் நரி அது. இந்தப் படத்தின் நரி அரண்மனைக்கு வெளியே நின்று அதே தந்திரத்தை ஏழைகளுக்காகப் பயன்படுத்துகிறது. தந்திரம் நல்லதா கெட்டதா என்பது அது யாருக்குப் பயன்படுகிறது என்பதைப் பொறுத்தது என்று வகுப்பில் பேச இதைவிட எளிய எடுத்துக்காட்டு கிடைக்காது.

முடிவுதான் படத்தின் பலவீனம். எரியும் கோட்டையிலிருந்து ராபின் தப்பியதும், ரிச்சர்ட் மன்னர் திடீரென்று திரும்பி வந்து எல்லாவற்றையும் சரிசெய்துவிடுகிறார். மக்கள் பட்ட பாட்டுக்கு அவர்களுடைய போராட்டத்தில் விடை கிடைக்காமல், ஊருக்குத் திரும்பிய நல்ல அரசரிடம் கிடைக்கிறது.

வின்னி தி பூ (1977)

இது 1966, 1968, 1974 ஆண்டுகளில் வந்த மூன்று குறும்படங்களை இணைத்தது. இரண்டாவது குறும்படம் ஆஸ்கர் விருது பெற்றது. கதை ஒரு புத்தகத்துக்கு உள்ளே நடக்கிறது. பாத்திரங்கள் அச்சிட்ட வரிகளின் மேல் நடக்கின்றன, காற்றடித்தால் எழுத்துகள் பறக்கின்றன, வெள்ளத்தில் எழுத்துகள் கரைந்து வழிகின்றன. வாசிப்புப் பழக்கம் குறைந்துவருகிறது என்று கவலைப்படும் நாம், புத்தகத்தின் பக்கத்தையே விளையாட்டுத் திடலாக்கிய இந்தப் படத்தைச் சிறு வகுப்புப் பிள்ளைகளுக்குத் தாராளமாகக் காட்டலாம். முடிவில் சிறுவன் கிறிஸ்டோஃபர் ராபின் பள்ளிக்குப் போகும் நாள் வருகிறது. இனி முன்போல் சும்மா இருக்க முடியாது என்று அவன் கரடியிடம் சொல்கிறான். குழந்தைப் பருவம் முடிவதை இவ்வளவு அமைதியாகச் சொன்ன படங்கள் குறைவு.

தி ரெஸ்க்யூவர்ஸ் (1977)

நியூயார்க்கில் ஐக்கிய நாடுகள் சபைக் கட்டடத்துக்குள் எலிகள் நடத்தும் ஒரு மீட்பு சங்கம் இருக்கிறது. ஒரு புட்டிக்குள் கடிதம் வருகிறது, பென்னி என்ற அநாதைச் சிறுமி காப்பாற்றும்படி கேட்கிறாள். ஹங்கேரிப் பிரதிநிதியான பியான்கா தனக்குத் துணையாகச் சங்கத்தின் துப்புரவுப் பணியாளர் பெர்னார்டைத் தேர்ந்தெடுக்கிறாள். பெர்னார்ட் பயந்தவர். பதின்மூன்று படி உள்ள ஏணியைக் கண்டாலே தயங்குவார். சதுப்பு நிலத்தில் மெடூசா என்ற பெண்மணி, ஆள் நுழைய முடியாத குகைக்குள் வைரம் தேடச் சிறுமியை வாளியில் வைத்து இறக்குகிறாள்.

சிறுமியிடம் மெடூசா நடந்துகொள்ளும் முறை மற்ற டிஸ்னி வில்லிகளைவிடக் கலங்க வைப்பது. அவளிடம் மந்திரம் எதுவும் இல்லை. பென்னியைப் பக்கத்தில் உட்காரவைத்து, உன்னைப் போல அழகில்லாத பெண்ணை யார் தத்தெடுப்பார்கள் என்று இதமாகக் கேட்கிறாள். இதற்கு முன்பே, அநாதை இல்லத்து முதிய பூனை ரூஃபஸிடம் பென்னி தன் மனக்குறையைச் சொல்லியிருக்கிறாள். தத்தெடுக்க வந்தவர்கள் வேறொரு பெண்ணைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். அவள் தன்னைவிட அழகானவள் என்பது பென்னியின் எண்ணம். பூனை பெரிய உபதேசம் எதுவும் செய்யாமல் அவளுக்கு நம்பிக்கை கொடுக்கிறது. அந்தப் பூனையை வரைந்தவர் ஆலி ஜான்ஸ்டன், பூனையின் சாயலும் அவருடையதே. மெடூசாவை வரைந்தவர் மில்ட் கால், டிஸ்னியில் அவருடைய கடைசிப் பாத்திரம் அது. ஒப்பனையைக் கலைத்துக்கொண்டே அவள் பேசும் காட்சியில் போலி இமையைப் பிய்த்து எடுக்கும் அசைவு, நாற்பது ஆண்டு அனுபவத்தின் சாறு.

பட்டியல்களில் கீழே கிடக்கும் ஒரு படத்தில் இரண்டு முதிய மேதைகளின் உச்சப் பணி இருக்கிறது. யானை படுத்தாலும் குதிரை மட்டம் என்பது இதற்குப் பொருந்தும்.

தி ஃபாக்ஸ் அண்ட் தி ஹவுண்ட் (1981)

நரியும் வேட்டைநாயும் என்பது பெயரின் பொருள். டேனியல் மானிக்ஸ் 1967-இல் எழுதிய நாவல் இதற்கு அடிப்படை. இடைக்காலப் படங்களில் மிக முக்கியமானது இதுவே என்பது என் கருத்து.

படம் ஏறத்தாழ இசையே இல்லாமல் தொடங்குகிறது. பனி படிந்த காடு, சிலந்தி வலை, மெல்லிய ஒலிகள். பிறகு ஒரு தாய் நரி குட்டியைக் கவ்விக்கொண்டு ஓடுகிறது. வேலியோரம் குட்டியை விட்டுவிட்டுத் தனியே ஓடுகிறது. துப்பாக்கிச் சத்தம் கேட்கிறது. தாய் விழுவதை நாம் பார்ப்பதில்லை. குட்டி டாடை ட்வீட் என்ற தனித்து வாழும் விதவைப் பெண் வளர்க்கிறாள். பக்கத்து வீட்டு வேட்டைக்காரர் ஸ்லேட் வளர்க்கும் நாய்க்குட்டி காப்பரும் டாடும் நண்பர்களாகிறார்கள். குளிர்காலம் முழுவதும் வேட்டைப் பயிற்சிக்குப் போய்த் திரும்பும் காப்பர் வளர்ந்த வேட்டைநாயாகிவிடுகிறான். இனி நாம் பழைய மாதிரி விளையாட முடியாது என்று நண்பனிடம் சொல்கிறான்.

பஞ்சதந்திரத்தின் முதல் பகுதிக்கு 'நட்புப் பிரித்தல்' என்று பெயர். அங்கே நட்பைப் பிரிக்க ஒரு கோள் சொல்லி தேவைப்பட்டான். இங்கே அப்படி ஒருவனும் இல்லை. ஸ்லேட் முரட்டு ஆள், ஆனால் சூழ்ச்சிக்காரர் அல்லர். நாயின் வேலை நரியைப் பிடிப்பது. வேலையே நட்பைப் பிரிக்கிறது. சாதியாலும் தொழிலாலும் பிள்ளைகளின் நட்பு எட்டாம் வகுப்பு, ஒன்பதாம் வகுப்போடு நின்றுபோவதை ஊர்ப் பள்ளிகளில் பணியாற்றிய எவரும் பார்த்திருப்பார்கள். சண்டை போட்டுப் பிரிவதில்லை. பெரியவர்கள் சொல்லிக்கொடுத்த இடத்தில் போய் நின்றுகொள்கிறார்கள். அந்த அமைதியான பிரிவைக் காட்டிய கார்ட்டூன் படம் எனக்குத் தெரிந்து வேறில்லை. ஜவ்வாது மலையடிவாரத்துப் பிள்ளைகளுக்குக் கதையில் வரும் காடும் வேட்டைநாயும் அந்நியமும் அல்ல.

அடுத்து வரும் காட்சியும் கடினமானது. டாடின் உயிருக்கு ஆபத்து என்றானதும் ட்வீட் அவனைக் காரில் ஏற்றிக் காப்புக்காட்டுக்குக் கொண்டுபோய், கழுத்துப் பட்டையைக் கழற்றிவிட்டுத் திரும்பிவிடுகிறாள். ஏன் என்று நரிக்குப் புரிவதில்லை. அன்பினால் ஒருவரை விட்டுவிட வேண்டியும் வரும் என்பதைப் படம் வசனத்தால் விளக்காமல் காட்டிவிடுகிறது.

உச்சக் காட்சியில் பெருங்கரடி ஒன்று ஸ்லேடைத் தாக்குகிறது. அவருடைய கால் அவரே வைத்த பொறியில் மாட்டியிருக்கிறது. நடுவில் பாயும் காப்பரையும் கரடி அடித்து வீழ்த்துகிறது. டாட் திரும்பி வந்து கரடியோடு போராடி அருவியில் விழுகிறான். அந்தக் கரடியை வரைந்தவர் இளைஞரான க்ளென் கீன். முந்தைய காட்சிகளில் முதியவர்கள் வரைந்த குட்டிகளின் மென்மையும், இந்தக் காட்சியில் இளையவர் வரைந்த கரடியின் முரட்டு வேகமும் ஒரே படத்தில் இருக்கின்றன. இரண்டு தலைமுறைகள் ஒரே மேசையில் கைமாற்றிக்கொண்டதை வேறெந்த டிஸ்னி படத்திலும் இவ்வளவு தெளிவாகப் பார்க்க முடியாது.

கரைக்கு வந்து தளர்ந்து கிடக்கும் டாடை நோக்கி ஸ்லேட் துப்பாக்கியை நீட்டுகிறார். காப்பர் நண்பன் மேல் கவிந்து நின்றுவிடுகிறான், நகர மறுக்கிறான். துப்பாக்கி தாழ்கிறது. இத்துடன் இருவரும் மறுபடி சேர்ந்து விளையாடினார்கள் என்று முடித்திருக்கலாம். படம் அப்படி முடிவதில்லை. காப்பர் வீட்டுக்குப் போகிறான், டாட் காட்டில் தங்குகிறான். ஒருவன் மேட்டிலிருந்து பார்க்கிறான், மற்றவன் கண்ணை மூடிப் பழைய பேச்சை நினைத்துக்கொள்கிறான். அவ்வளவே.

குறைகளும் உண்டு. இரண்டு பறவைகள் ஒரு புழுவைத் துரத்தும் துணைக்கதை மூன்று நான்கு முறை வந்து மனநிலையைக் கெடுக்கிறது. அதைவிடப் பெரிய குறை, சீஃப் என்ற மூத்த நாயைப் பற்றியது. டாடைத் துரத்தும்போது ரயில் மோதிப் பாலத்திலிருந்து விழும் அது, கால் முறிவோடு பிழைத்துவிடுகிறது. அது இறக்க வேண்டும், அப்போதுதான் காப்பரின் பழிவாங்கும் வெறிக்குப் பொருள் இருக்கும் என்று இளைய கலைஞர்கள் வாதிட்டார்கள். மூத்தவர்கள் ஒப்பவில்லை. இளையவர்கள் சொன்னதே சரி.

தி பிளாக் கால்ட்ரன் (1985)

டிஸ்னி வரலாற்றில் பெரும் தோல்வியாகச் சொல்லப்படும் படம் இது. 70 மி.மீ. அகலத்திரையில் எடுத்தார்கள். 4 கோடி டாலருக்கு மேல் செலவழித்ததாகக் கணக்கு, அமெரிக்காவில் வசூல் அதில் ஏறத்தாழப் பாதி. சிறு பிள்ளைகள் பெற்றோருடன் பார்க்க வேண்டும் என்ற சான்றிதழ் பெற்ற முதல் டிஸ்னி கார்ட்டூன் இதுவே. புதிய நிர்வாகி காட்சன்பெர்க் வெளியீட்டுக்கு முன் ஏறத்தாழப் பன்னிரண்டு நிமிடங்களை வெட்டினார். வெட்டின் தழும்பு படத்தில் தெரிகிறது, சில இடங்களில் இசையே துண்டாகிறது.

இதை முழுமையான படம் என்று வாதிட முடியாது. நாயகன் டாரன் உட்படப் பல பாத்திரங்கள் மனத்தில் பதிவதில்லை. ஆனால் இறுதியில் ஒரு நல்ல கருத்து இருக்கிறது. டாரன் பன்றி மேய்க்கும் சிறுவன், வீரனாக வேண்டும் என்பது அவன் கனவு. கர்கி என்ற கோழையான சிறு பிராணி, உலகைக் காக்கத் தானே கொப்பரைக்குள் குதித்துவிடுகிறது. பிறகு சூனியக்காரிகள் டாரனிடம் மந்திர வாளைத் திருப்பித் தர முன்வருகிறார்கள். தான் வீரனல்ல, பன்றி மேய்ப்பவன்தான் என்று சொல்லி, வாளுக்குப் பதில் கர்கியின் உயிரைக் கேட்கிறான். பட்டம் வேண்டாம், நண்பன் போதும் என்று சொல்லும் நாயகனை வெற்றிப் படங்களில் தேடிப் பார்க்க வேண்டும்.

தி கிரேட் மவுஸ் டிடெக்டிவ் (1986)

ஷெர்லக் ஹோம்ஸ் வீட்டுக்கு அடியில் வாழும் துப்பறியும் எலி பேசில். எதிரி ராட்டிகன், பெருச்சாளி. அவனைப் பெருச்சாளி என்று யாராவது சொல்லிவிட்டால் கொதித்துப்போவான். கனவான் உடையில் நடப்பவன். பிக் பென் கடிகாரக் கோபுரத்தின் பல்சக்கரங்களுக்கு நடுவில் நடக்கும் கடைசித் துரத்தலில் உடை கிழிந்து, நான்கு காலில் பாயும் மூர்க்கம் வெளிப்படுகிறது. சக்கரங்களைக் கணினி மூலம் வரைந்து தாளில் எடுத்து, பாத்திரங்களைக் கையால் வரைந்தார்கள். இன்று கணினி வரைகலை படிக்கும் மாணவர்கள் இந்தச் சில நிமிடங்களைக் கட்டாயம் பார்க்க வேண்டும். குறைந்த செலவில், குறுகிய காலத்தில் முடித்த இந்தப் படத்தின் இயக்குநர் நால்வரில் கிளெமென்ட்ஸும் மஸ்கரும் உண்டு. மூன்று ஆண்டு கழித்து 'தி லிட்டில் மெர்மெய்ட்' எடுத்தவர்கள் இதே இருவர். எனவே 1989-இல் நிகழ்ந்தது திடீர் எழுச்சி அல்ல. டிக்கன்ஸின் கதையை நியூயார்க் தெருவுக்குக் கொண்டுவந்த 'ஆலிவர் அண்ட் கம்பெனி' இதற்கும் அதற்கும் இடையில் வந்த சாதாரணப் படம்.

இந்தியாவிலிருந்து ஓர் ஒப்பீடு

'பாம்பி', 'பீட்டர் பான்' படங்களில் பணியாற்றிய டிஸ்னி கலைஞர் கிளேர் வீக்ஸ், 1956-இல் மும்பைக்கு வந்து நம் அரசின் ஃபிலிம்ஸ் டிவிஷன் கார்ட்டூன் பிரிவுக்குப் பயிற்சி அளித்தார். புத்த ஜாதகக் கதையைத் தழுவி 1957-இல் வந்த 'தி பேன்யன் டியர்' அந்தப் பயிற்சியின் பலன். சென்னைப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்த ராம் மோகன் அந்தப் பிரிவில் தொழில் கற்று இந்திய அனிமேஷன் துறையின் முன்னோடி ஆனார்.

அதே ஃபிலிம்ஸ் டிவிஷன் 1974-இல் வெளியிட்ட 'ஏக் அனேக் அவுர் ஏக்தா' என்ற குறும்படத்தைத் தூர்தர்ஷனில் பார்த்தவர்கள் இன்றும் நினைவில் வைத்திருக்கிறார்கள். விஜயா முலே இயக்கம், பீம்சென் ஓவிய வடிவமைப்பு. வலையில் சிக்கிய பறவைகள் ஒன்றுசேர்ந்து வலையோடு பறப்பதும், எலிகள் வலையைக் கடித்து விடுவிப்பதும் கதை. பழைய டிஸ்னி படத்தின் வழவழப்போ செலவோ அதில் துளியும் இல்லை. எளிய கோடு, தட்டையான நிறம், ஒரு பாட்டு. அரை நூற்றாண்டு கடந்தும் அது நிற்கிறது. மெருகு இல்லாததால் ஒரு படம் மனத்தில் நிற்காது என்று சொல்ல முடியாது என்பதற்கு நம் வீட்டிலேயே சான்று இருக்கிறது. அந்த அளவுகோலை 'ராபின் ஹூட்' படத்துக்கும் நாம் நியாயமாகப் பயன்படுத்தலாம்.

மதிப்பீடு

எட்டுப் படங்களையும் ஒரே தட்டில் வைத்து 'இருண்ட காலம்' என்று சொல்வது சரியல்ல. 'ராபின் ஹூட்', 'தி ரெஸ்க்யூவர்ஸ்', 'தி ஃபாக்ஸ் அண்ட் தி ஹவுண்ட்' மூன்றும் முதல் வரிசைக்கு அருகில் வைக்கத் தக்கவை. 'வின்னி தி பூ' சிறு பிள்ளைகளுக்கான படங்களில் முதல் வரிசையிலேயே வைக்கத் தக்கது. 'தி கிரேட் மவுஸ் டிடெக்டிவ்' நல்ல பொழுதுபோக்கு, தொழில்நுட்ப வரலாற்றில் இடம் பெறுவது. 'தி பிளாக் கால்ட்ரன்' தோல்வியானாலும் படிக்க வேண்டிய தோல்வி. மற்ற இரண்டும் சாதாரணம்.

முதல் மூன்றுக்கும் பொதுவான ஒரு குணம் உண்டு. அவற்றின் மையத்தில் இளவரசியின் திருமணமோ அரியணையோ இல்லை. வரி கட்ட முடியாத குடும்பம், தத்தெடுக்கப்படாத சிறுமி, வேலையால் பிரிந்த இரண்டு நண்பர்கள் என்று நம் வகுப்பறைகளில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளின் கவலைகள் அவற்றில் இருக்கின்றன. எல்லாக் கவலைக்கும் அந்தப் படங்கள் தீர்வு சொல்லவில்லை. 'தி ஃபாக்ஸ் அண்ட் தி ஹவுண்ட்' தீர்வு இல்லை என்றே சொல்கிறது.

பிள்ளைகளுக்குப் படம் தேர்ந்தெடுக்கும் ஆசிரியர்களும் பெற்றோரும் இந்த மூன்றில் ஒன்றையாவது ஆண்டுக்கு ஒருமுறை காட்டலாம். முடிந்தவுடன் கேள்வி கேட்க வேண்டாம். நரியும் நாயும் ஏன் சேரவில்லை என்று ஒரு பிள்ளையாவது கேட்கும். அந்தக் கேள்வியிலிருந்து பேச்சைத் தொடங்கலாம்.